பயிர்த்தடம்: பார்லி வயலுக்குள் பழைய வரப்பைத் தேடுவது

போன வருஷம் எருக்குவியல் கிடந்த இடம் எது என்று உழவரிடம் கேட்க வேண்டியதில்லை. இந்த வருஷப் பயிர் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் மட்டும் தாள் கருகருவென்று அரைச் சாண் கூடுதலாக நிற்கும். ஆட்டுக்கிடை போட்ட மூலையும் அப்படித்தான். அதே வயலில் சுக்கான்பாறை மேலாக ஓடும் இடத்தில், மழை தவறிய சில நாளிலேயே பயிர் முகம் சுண்டிவிடும். மண்ணுக்குக் கீழே இருப்பது பயிரின் மேல் தெரிகிறது. தொல்லியலார் பயிர்த்தடம் என்று சொல்வது இதைத்தான். எருக்குவியல் போன வருஷத்தது. அவர்கள் தேடும் பள்ளம் மூவாயிரம் வருஷத்ததாக இருக்கலாம்.

பயிர்த்தடங்களில் ஒரு வகையை மட்டும் இந்த அத்தியாயத்தில் பார்க்கிறோம்: பழைய வயல்களின் எல்லைகள். வான்படத்தில் ஒரு கோட்டையோ ரோமானிய மாளிகையோ தெரிந்தால் எல்லோரும் கூடிவிடுவார்கள். வயல் எல்லைக்கு அந்த மவுசு கிடையாது. ஒரு கோடு, அதை வெட்டும் இன்னொரு கோடு, ஒரு மூலை, ஒரு சந்து, பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆனால் கோட்டை ஒரு குன்றோடு முடிந்துவிடும். வயல்கோடுகள் மைல்கணக்கில் போகும். யார் யாருக்கு எவ்வளவு நிலம், மாடு எந்த வழியாகத் தண்ணீருக்குப் போனது, எந்தக் கலப்பையால் உழுதார்கள் என்பதெல்லாம் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. ஓரிடம் தெற்கு இத்தாலி. இந்தக் கலை வளர்ந்த நிலம் இங்கிலாந்து. நூறு ஆண்டுப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. அவற்றில் கணிசமானவற்றை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்பது பழகுபவருக்குப் பெரிய வசதி.

வேருக்குக் கீழே

சரளை நிலம் ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். மேல்மண் ஒரு அடி. அதற்குக் கீழே தண்ணீர் நிற்காத சரளை. வெண்கலக் காலத்து உழவர் ஒருவர் தன் வயலைச் சுற்றி ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுகிறார். எடுத்த மண்ணை ஓரத்தில் போட்டு வரப்பாக்கி, அதன்மேல் உயிர்வேலி வைக்கிறார். சில தலைமுறை கழித்து யாரும் பள்ளத்தைத் தூர் வாருவதில்லை. மழை மண்ணைக் கொண்டுவந்து நிரப்புகிறது. அப்புறம் வந்தவர்கள் வரப்பையும் உழுது சமமாக்கிவிடுகிறார்கள். தரையில் நின்று பார்த்தால் இப்போது அங்கே ஒன்றுமில்லை. ஆனால் சரளைக்குள் வெட்டிய பள்ளம் சரளையாகத் திரும்புவதில்லை. அதில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு வண்டலும் மக்கும் நிறைந்து கிடக்கின்றன.

இந்த நிலத்தில் பார்லி விதைக்கிறார்கள். ஏப்ரல், மே நல்ல மழை; எல்லாப் பயிரும் ஒரே மாதிரி. ஜூனில் மழை நின்றுபோகிறது. சரளைமேல் நிற்கும் பயிரின் வேர் கீழே போனால் வெறும் கல். பள்ளத்துக்கு நேர் மேலே நிற்கும் பயிரின் வேருக்குக் கீழே ஈரம் பிடித்த வண்டல். சுற்றிலும் உள்ள பயிர் அவசரமாகப் பழுத்து மஞ்சளாகும்போது, பள்ளத்தின்மேல் உள்ள பயிர் இன்னும் பச்சையாக, ஓரளவு உயரமாக நிற்கிறது. விமானத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் சீலையில் பச்சைக் கோடு போட்டதுபோல் இருக்கும். இதைச் செழிப்புத் தடம் என்று வைத்துக்கொள்வோம். புதைந்த சுவர், கல் பாவிய சாலை என்றால் கதை தலைகீழ்: மண் ஆழம் குறைவு, பயிர் குட்டை, முதலில் பழுப்பது அதுதான். அது வாட்டத் தடம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயலைப் பிரித்தது வரப்பும் வேலியும். படத்தில் தெரிவது அவை இல்லை. மண் எடுத்த பள்ளம். பள்ளம் வெட்டாமல் வேலி மட்டும் போட்டவரின் வயல் படத்தில் வரவே வராது. ஒரு வயலின் மூன்று பக்கம் தெரிந்து நாலாம் பக்கம் தெரியாவிட்டால், நாலாம் பக்கம் திறந்து கிடந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

பயிர்களில் பார்லிக்கு நிகர் கிடையாது. கோதுமை அடுத்தது, ஓட்ஸ் அதற்கும் அடுத்தது. பட்டாணியும் சர்க்கரை பீட்டும் சில வருஷம் காட்டும். உருளைக்கிழங்கு வயலில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பாத்தியும் கரையுமாக மண்ணையே கலைத்துப்போட்டிருப்பார்கள். புல் வெகு பிடிவாதம் பிடிக்கும். கடும் வறட்சியில்தான் வாய் திறக்கும். 2013 கோடையில் ஸ்டோன்ஹெஞ்சில் புல் கருகாமலிருக்கத் தண்ணீர் விட்டார்கள். கல் வட்டத்தின் ஒரு பக்கத்துக்கு ரப்பர் குழாய் எட்டவில்லை. எட்டாத பக்கத்தில், இன்று கல் இல்லாத சில இடங்களில், புல் திட்டுத்திட்டாகப் பழுத்துப்போனது. அந்தப் பக்கத்தில் முன்பு கல் நின்றதா, வட்டம் முழுமைபெறாமலே விடப்பட்டதா என்று நெடுநாள் நடந்த வாதத்துக்கு ஒரு குழாயின் நீளக் குறைவு சாட்சி கொண்டுவந்தது. குழாய் இன்னும் நீளமாக இருந்திருந்தால் அந்தச் சாட்சி கிடைத்திருக்காது.

மண் பயிரைவிட முக்கியம். சரளை, மணல், சுண்ணப்பாறை ஆகியவை தாராளமாகக் காட்டும். களிமண் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் பள்ளத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் வித்தியாசம் தெரிய வெகு நாள் ஆகும். பல வருஷம் தெரியாமலே போகும். தேம்ஸ் ஆற்றங்கரைச் சரளையில் தடங்கள் குவிந்திருப்பதையும், பக்கத்துக் களிமண் மேட்டில் வெறுமையாக இருப்பதையும் பார்த்த முந்தைய தலைமுறை ஆய்வாளர்கள், பழங்கால மக்கள் களிமண்ணை ஒதுக்கினார்கள் என்று நம்பினார்கள். பிற்பாடு சாலை போடவும் வீடு கட்டவும் களிமண்ணைத் தோண்டியபோது அங்கேயும் ஊர் இருந்தது, வயல் இருந்தது. தடங்களைக் குறித்த வரைபடத்தைக் கையில் எடுத்தால் அதன் பக்கத்தில் மண்வகை வரைபடத்தையும் விரியுங்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் நீங்கள் பார்ப்பது மக்கள் வாழ்ந்த இடமா, மண் பேசிய இடமா என்று நிதானிக்கலாம்.

வருஷமும் சேர வேண்டும். 1976 வறட்சியை இங்கிலாந்து வான்தொல்லியலார் இன்னும் கல்யாண வருஷம்போல நினைவில் வைத்திருக்கிறார்கள். 2018-ம் அப்படி. அந்த வருஷம் ஜூலையில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் புதைமேட்டுக்கு அருகே அந்தோணி மர்ஃபி, கென் வில்லியம்ஸ் இருவரும் ட்ரோன் விட்டபோது, எத்தனையோ ஆய்வாளர்கள் கடந்துபோன வயலில் பெரிய வட்ட அமைப்பு ஒன்று கண்முன் கிடந்தது. மழை பெய்திருந்தால் அது அப்படியே உறங்கியிருக்கும். உழவருக்குக் கெட்ட வருஷம் நமக்கு நல்ல வருஷம் என்பது இந்தத் தொழிலில் கொஞ்சம் கூச்சமான உண்மை.

எறும்பும் கோலமும்

விமானம் வருவதற்கு முன்பே இதைக் கண்டவர்கள் உண்டு. வில்லியம் கேம்டன் தன் ‘பிரிட்டானியா’ நூலில், கென்ட் கடற்கரையோரம் ரிச்பரோவில் தானியம் முளைத்து வரும்போது தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிகின்றன, தெரு இருந்த இடத்தில் பயிர் மெலிந்திருக்கிறது என்று குறித்திருக்கிறார். அவர் 1623-இல் இறந்தவர். ஆனால் தரையிலிருந்து பார்ப்பவருக்கு அதிருஷ்டவசமாகக் கிடைக்கும் துண்டுகள்தான் கிடைக்கும்.

இதைத் தொழிலாக்கியவர் ஓ.ஜி.எஸ். க்ராஃபோர்டு. 1886-இல் பம்பாயில் பிறந்தவர். பிறந்த சில நாளில் தாயை இழந்து, இங்கிலாந்தில் அத்தைகளிடம் வளர்ந்தார். முதல் உலகப் போரில் விமானத்தில் பார்வையாளராகப் பறந்து, சுட்டு இறக்கப்பட்டு, ஜெர்மனியில் சிறையிருந்தார். 1920-இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறையில் முதல் தொல்லியல் அதிகாரி ஆனார். 1922-இல் விமானப்படை எடுத்த ஹாம்ப்ஷயர் படங்கள் அவர் கைக்கு வந்தன. விமானப்படைக்குப் புரியாத கட்டங்கள் அவற்றில் இருந்தன. தரையில் பல வருஷம் நடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தான் அளந்துகொண்டிருந்த பழைய வயல்கள் ஒரே தாளில் முழுசாகக் கிடப்பதை அவர் கண்டார். கம்பளத்தின் மேல் நடக்கும் பூனைக்கு வேலைப்பாடு தெரியாது, நின்று பார்க்கும் மனிதனுக்குத் தெரியும் என்று அவர் விளக்குவார். வாசல் கோலத்தில் ஊரும் எறும்பு என்று நாம் சொல்லலாம். எறும்புக்குத் தெரிவது மாவுப் பொடி மட்டும்.

1924-இல் அலெக்சாண்டர் கெய்லர் என்ற பணக்காரருடன் சேர்ந்து வெஸெக்ஸ் பகுதி முழுவதும் பறந்தார். கெய்லருடைய பணம் ஆரஞ்சுப் பழ ஜாமில் வந்தது. அந்தப் படங்கள் 1928-இல் ‘வெஸெக்ஸ் ஃப்ரம் தி ஏர்’ என்ற நூலாயின. அதற்குள் கில்பர்ட் இன்சால் என்ற விமானி ஸ்டோன்ஹெஞ்சுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி, 1925 இறுதியில் ஒரு வட்டத்தைக் கண்டு, மறு வருஷம் கோதுமை வளர்ந்த பிறகு திரும்ப வந்து பார்த்தார். வட்டத்துக்குள் கரும்புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. தோண்டியபோது ஒவ்வொரு புள்ளியும் மரத்தூண் நட்ட குழி. இன்று அதை உட்ஹெஞ்ச் என்கிறார்கள். திரும்ப வந்து பார்த்தார் என்பதுதான் நமக்குப் பாடம். ஒரு வயலை வெவ்வேறு பயிரில், வெவ்வேறு மாதத்தில் பார்க்காதவரை அதைப் பார்த்ததாகக் கணக்கில்லை.

வயலின் வடிவத்தைப் படித்தல்

க்ராஃபோர்டு கண்ட வயல்கள் சிறியவை, ஏறக்குறையச் சதுரம், பெரும்பாலும் ஒன்றரை ஏக்கருக்குள் அடங்குபவை. கெல்டிக் வயல்கள் என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயர் பொருத்தமில்லை, அவற்றில் பல வெண்கலக் காலத்தில் தொடங்கி ரோமானியர் காலம்வரை உழப்பட்டவை. ஏன் சதுரம்? நம் நாட்டுக் கலப்பையை நினைத்துப்பாருங்கள். அது மண்ணைக் கீறும், புரட்டாது. ஒரு திசையில் மட்டும் உழுதால் சாலுக்கும் சாலுக்கும் நடுவே உழாத மண் நிற்கும். அதனால் குறுக்கேயும் ஓட்டுகிறோம். அங்கேயும் அன்று இருந்தது அந்த வகைக் கலப்பைதான். இரண்டு திசையிலும் ஓட்ட வேண்டியவனுக்குச் சதுரம் வசதி. பிற்காலத்தில் மண்ணைப் புரட்டும் கனத்த கலப்பையும் எட்டு மாட்டு ஏரும் வந்தபோது, அடிக்கடி திருப்புவது பெருந்தொல்லை ஆயிற்று. வயல் நீண்டது. மாடுகளைத் திருப்பத் தோதாக இரு முனையிலும் வளைந்து, திருப்பிப்போட்ட ஆங்கில எஸ் எழுத்தைப் போல ஆயிற்று. படத்தில் நெருக்கமான, மெல்ல வளைந்த, பாய்க்கோரை போன்ற வரிகளைக் கண்டால் இடைக்காலம் என்று ஊகிக்கலாம். அவற்றுக்கு அடியில் அவற்றை மதிக்காமல் வேறு கோணத்தில் ஓடும் கோடு எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள், அதுதான் பழசு.

சுண்ணப்பாறை மேட்டில் இந்தச் சதுர வயல்களின் ஓரம் படிவரப்பாக நின்றது. சரிவில் உழ உழ மண் கீழே இறங்கி வேலியோரம் சேரும். பல நூறு வருஷத்தில் ஆள் உயரம்கூட ஏறிவிடும். புல்வெளியாகவே இருந்த இடங்களில் மாலை வெயிலின் நிழல் அவற்றைக் காட்டும். டிராக்டர் வந்து உழுதுவிட்ட இடங்களில், விதைப்புக்கு முன்பு, வரப்பில் இருந்த வெள்ளைச் சுண்ணம் கருமண்ணுக்கு நடுவே பட்டையாகத் தெரியும். ஆகவே இந்த வகை வயலைத் தேடுபவர் ஜூலைப் படத்தோடு நின்றுவிடக் கூடாது. குளிர்காலப் படமும் வேண்டும்.

வடக்கே தெற்கு யார்க்ஷயரிலும் வடக்கு நாட்டிங்ஹாம்ஷயரிலும் மணற்பாறை நிலம். டெரிக் ரைலி போர்க்காலத்தில் விமானப்படையில் பறந்தவர். பின்னாளில் தன் ஓய்வில் அந்த வானத்தில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். 1980-இல் வெளியிட்ட நூலில் அங்குள்ள வயல்களுக்குச் செங்கல் அடுக்கு வடிவம் என்று பெயர் கொடுத்தார். நீளமான இணைகோடுகள், 50 முதல் 100 மீட்டர் இடைவெளியில். அவற்றுக்கு நடுவே குறுக்குக் கோடுகள், ஒன்றுக்கு ஒன்று நேராக வராமல் கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல் தள்ளித் தள்ளி. முதலில் நீள்கோடுகள் போடப்பட்டன, ஒவ்வொரு பட்டைக்குள்ளும் குறுக்குக் கோட்டை அந்தந்தப் பட்டைக்காரர் தம் இஷ்டத்துக்குப் போட்டார் என்பது அந்தத் தள்ளலிலிருந்தே தெரிகிறது. எந்தக் கோடு எதில் முட்டி நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். முட்டி நிற்பது பிந்தியது. பெரும்பாலானவை ரோமானியர் காலத்தவை, சில இரும்புக் காலத்தில் தொடங்கியவை.

பீட்டர்பரோ நகருக்குப் பக்கத்தில் ஃபெங்கேட்டில் வேறு கதை. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் சரளைத் திட்டு. அங்கே வான்படங்களில் இரட்டைப் பள்ளங்கள் சதுப்பை நோக்கி நேராக இறங்கின. 1971 முதல் 1978 வரை ஃபிரான்சிஸ் பிரையர் அவற்றைத் தோண்டினார். கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த வயல்கள். இரட்டைப் பள்ளங்களுக்கு நடுவே இருந்தது மாடும் ஆடும் போன தடம். கோடையில் சதுப்பில் மேய்ச்சல், குளிர்காலத்தில் மேட்டில். பிரையர் தானே ஆடு வளர்ப்பவர். வயல் மூலையில் வாசல் ஏன் வைத்திருக்கிறார்கள், பள்ளம் ஏன் குறுகிப்போகிறது என்பதற்கு ஆட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுபவனின் கண்ணால் அவர் விடை சொன்னார். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வேலைமுறை: வயல்கோட்டைக் கண்டால் நெல்லையும் கோதுமையையும் உடனே நினைக்காமல், வாசல் எங்கே என்று தேடுவது. மூலையில் வாசல் என்றால் பெரும்பாலும் கால்நடை. மந்தையை மூலைக்கு ஓட்டுவது எளிது என்று மேய்ப்பவர் யாரும் சொல்வார்.

இத்தாலிக்கு ஒரு நடை போய்வரலாம். ஃபோஜியாவைச் சுற்றியுள்ள தாவோலியேரே சமவெளியில் மேல்மண்ணுக்குக் கீழே நம் சுக்கான் போன்ற கெட்டியான சுண்ணக்கட்டு. அதை வெட்டிப் பள்ளம் எடுத்தால், பயிருக்கு வேறெங்கும் கிடைக்காத ஆழம் அங்கே மட்டும் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரின் கடைசி வருஷங்களில் பிரிட்டிஷ் விமானப்படையின் படங்களைப் பகுத்துப் பார்க்கும் வேலையில் இருந்த ஜான் பிராட்ஃபோர்டும் பீட்டர் வில்லியம்ஸ்-ஹன்டும் அந்தச் சமவெளியின் படங்களைக் கண்டார்கள். பள்ளம் சூழ்ந்த புதிய கற்கால ஊர்கள் இருநூறுக்கு மேல். அவற்றின்மேல் ரோமானியர் அளந்து போட்ட சதுரங்கள், ஒரு பக்கம் 710 மீட்டர். அதற்குள் திராட்சைக் கொடி நட்ட குழிவரிகள்கூட எண்ணத்தக்கதாக இருந்தன. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 5,000 ஆண்டுகள், படத்திலோ ஒரே பயிரின் ஒரே பச்சை. பயிருக்குக் காலம் தெரியாது, ஈரம் மட்டும் தெரியும்.

ஏமாற்றும் கோடுகள்

நான் முதன்முதலில் பெருமையோடு வரைந்து முடித்த பழங்கால வயல் அமைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வடிகால் குழாய். கோடுகள் சம இடைவெளியில் ஓடின, மீன்முள்போல் நடுக்கோட்டில் சேர்ந்தன, நடுக்கோடு நேராகப் பக்கத்து ஓடையில் போய் முடிந்தது. ஓடையில் ஏன் முடிகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இரண்டு நாள் வேலை மிஞ்சியிருக்கும். களிமண் வயலில் நீரை வடிக்கச் சுட்ட மண்குழாய் புதைப்பது இங்கிலாந்தில் சர்வசாதாரணம். கோடு மிக மெல்லியது, மிக நேர், மிக ஒழுங்கு என்றால் சந்தேகப்படுங்கள். பழைய உழவர் கயிறு பிடித்து வெட்டினாலும் கை கொஞ்சம் ஆடும்.

சரளை நிலத்தில் இன்னொரு மாயம். பனியுகத்தில் நிலம் உறைந்து வெடித்து, வெடிப்பில் பிற மண் நிறைந்துபோன பலகோணங்கள். அவையும் பச்சைக் கோடாகவே தெரியும். ஏரி வற்றிய தரையில் விரிசல் விடுவதுபோல் ஒன்றோடொன்று கோணலாகச் சேரும், அகலம் ஒரு சீராக இராது, செங்கோணம் அபூர்வம். வேடிக்கை என்னவென்றால் உண்மையான வயல் பள்ளமும் சில வேளை அவற்றின்மேலேயே ஓடும். அப்போது கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சீரான அகலம் உள்ள கோட்டை மட்டும் பின்தொடர வேண்டும்.

வயல் அமைப்பைத் தேடுபவரை மற்ற எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது 1940-இல் வெட்டியது. ஜெர்மானிய கிளைடர்கள் இறங்கிவிடக் கூடாதென்று திறந்தவெளிகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் தோண்டினார்கள். சட்டன் ஹூ புதைமேடுகள் உள்ள வெளியிலேகூட அப்படிப் பள்ளங்கள் உண்டு. போர் முடிந்து மூடிவிட்டார்கள். இன்று பயிர்த்தடமாக அவை வரும்போது, கட்டம் கட்டமாக, சதுரம் சதுரமாக, கெல்டிக் வயலைப் போலவே இருக்கும். அதே இடத்தின் 1940-களின் படத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். பள்ளம் அதில் திறந்தே கிடக்கும்.

மற்றவை சில்லறை. இணையாக இரண்டிரண்டாக ஓடுவது டிராக்டர் சக்கரத்தடம். உரம் தெளிக்கும் எந்திரம் ஒரு பட்டையைத் தவறவிட்டால் வெளிறிய பட்டை. எரிவாயுக் குழாய் பதித்த கோடு வரப்பு, சாலை எதையும் மதிக்காமல் ஊர் தாண்டிப் போகும்.

பழகும் வழி

விமானம் வேண்டாம். கூகுள் எர்த் நிரலில் பழைய தேதிப் படங்களைப் புரட்டும் வசதி இருக்கிறது. தேம்ஸ் பள்ளத்தாக்கில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, டார்செஸ்டர் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள சரளை வயல்களில் தொடங்குங்கள். 1930-களில் மேஜர் ஆலன் தன் சொந்த விமானத்தில் சுற்றிய வானம் அது. ஜூன், ஜூலைத் தேதிப் படங்களை, முடிந்தால் 2018-இன் படத்தை எடுங்கள். அதே வயலை மற்ற வருஷங்களிலும் பாருங்கள். ஒரு வருஷம் தெரிந்து நான்கு வருஷம் தெரியாமல் போவதை உங்கள் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், படத்தில் இல்லை என்பதால் நிலத்திலும் இல்லை என்று சொல்ல வாய் வராது. பழைய படங்களுக்கு ‘பிரிட்டன் ஃப்ரம் அபவ்’ தளத்தில் ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் 1919 முதல் 1953 வரை எடுத்தவை இருக்கின்றன. ஹிஸ்டாரிக் இங்கிலாண்டு அமைப்பும் தன் வான்படங்களையும், அவற்றிலிருந்து வரைந்த தடங்களையும் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் வரைந்த பிறகுதான் அவர்கள் வரைந்ததைத் திறக்க வேண்டும். முன்பே பார்த்தால் கண் அவர்களுடையதாகிவிடும்.

வரைவதற்கு முன்பு ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதச் சொல்வேன்: என்ன மண், என்ன பயிர், என்ன தேதி, அதற்கு முந்தைய வாரங்களில் மழை உண்டா. இதை எழுதாமல் கோடு போட உட்கார்ந்தவர் பெரும்பாலும் தான் விரும்பியதைத்தான் வரைவார். பயிர் இன்னும் இளம்பச்சையா, பழுக்கிறதா என்பதையும் குறியுங்கள். அறுவடைக்குச் சற்று முன், பள்ளத்தின்மேல் கொழுத்த பயிர் மழைக்காற்றில் சாய்ந்துவிட்டால், நேற்றுவரை கருங்கோடாக இருந்தது இன்று வெளிறிய கோடாகத் தெரியும். பள்ளம் சுவராக மாறிவிடவில்லை.

விமானத்திலோ ட்ரோனிலோ நீங்களே எடுப்பதானால், ஒரே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். வயலைச் சுற்றி வாருங்கள். வெயில் எதிரே இருக்கும்போது தெரியாத கோடு பக்கவாட்டில் வரும்போது தெரியும். சாய்கோணத்தில் எடுத்த படத்தில் சதுரம் கோணிப்போகும். அதை வரைபடத்தில் சரியாகப் பொருத்த, வரைபடத்திலும் உள்ள நான்கு புள்ளிகளாவது படத்துக்குள் வேண்டும்: சாலைச் சந்திப்பு, வேலி மூலை, களஞ்சியத்தின் முனை. அழகான படம் எடுக்கும் ஆசையில் தடத்தை மட்டும் நெருங்கி எடுப்பவர்கள் உண்டு. எங்கே என்று சொல்ல முடியாத அழகான படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் சாதாரண ட்ரோன் 120 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. பயிர்த்தடத்துக்கு அந்த உயரம் தாராளம். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு நிற்கவும். பயிருக்குள் கால் வைக்க வேண்டாம். அவர் சோற்றில் நடப்பதற்குச் சமம்.

கோடுகளை வரைந்தாகிவிட்டது, காலம் சொல்ல வேண்டும் என்று கை துறுதுறுக்கும். வடிவத்தை வைத்து ஒரு ஊகம் சொல்லலாம், அதற்குமேல் போகாதீர்கள். முன்பின் வரிசையைச் சொல்லுங்கள். ஒரு வட்டப் புதைமேட்டுப் பள்ளத்தைத் தொட்டதும் வயல்கோடு விலகி வளைந்து போனால், கோடு போட்டவர் கண்ணுக்கு அந்த மேடு தெரிந்திருக்கிறது, மேடு முந்தியது. சாலை ஒன்று வயல்களைச் சாய்வாக அறுத்துக்கொண்டு போய், இரு பக்கத்து வயல்களும் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தால் சாலை பிந்தியது. ஆண்டுக்கணக்கு வேண்டுமானால் மண்வெட்டி இறங்க வேண்டும், ஓடு கிடைக்க வேண்டும், கரி கிடைக்க வேண்டும். அதற்கு முன்பு, உழுத வயலில் நிலத்துக்காரர் அனுமதியோடு நடந்து மேலே கிடக்கும் ஓடுகளைப் பார்ப்பது நல்ல முதல் படி.

கண்டதை அந்த மாவட்டத் தொல்லியல் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். இருப்பிடத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். இரவில் உலோகங்காட்டியோடு வருபவர்கள் அந்தப் பதிவுகளைத்தான் காத்திருந்து படிக்கிறார்கள்.

ஒன்றும் தெரியாத வயல்களையும் நோட்டில் குறித்து வையுங்கள். வெறுமனே ‘இல்லை’ என்று எழுதினால் அடுத்து எடுத்துப் பார்ப்பவருக்குப் பயனில்லை. ‘ஜூலை 8, களிமண், உருளைக்கிழங்கு, போன வாரம் மழை, தடம் இல்லை’ என்று எழுதினால், அதே வயலில் ஒரு வறண்ட வருஷம் பார்லி விதைக்கும்போது திரும்ப வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.